மேற்படி

எங்கள் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவுக்கு நான் செயலரானது திறமையால் அல்ல. செயலரைத் தேர்ந்தெடுத்த அன்றைக்குக் கூட்டத்துக்கு வராதவன் நான் ஒருவன்தான். வராதவன் தலையில் வேலையைக் கட்டுவது எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான நீதி. மறுநாள் முதல்வர் கூப்பிட்டு, "தமிழ்த்துறைன்னா எழுத்து நல்லா இருக்கும் சார்" என்றார். ஐஸ் வைக்கிறார் என்று தெரிந்தேதான் விழுந்தேன்.

இளநிலை மாணவர்கள் எதைப் படிக்க வேண்டும், எதை இனிப் படிக்க வேண்டாம் என்று முடிவு செய்வதுதான் இந்தக் குழுவின் வேலை. துறைத்தலைவர்கள் இருப்பார்கள். சென்னையிலிருந்து வெளிவல்லுநர் ஒருவர் வருவார். தொழில்துறைப் பிரதிநிதி ஒருவரும் உண்டு. காஞ்சிபுரத்தில் தொழில்துறை என்றால் வேறு யார், பட்டுப்புடவைக் கடைக்காரர்தான். ஒரு தாளை நீக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தத் துறைத்தலைவர் சொந்தப் பிள்ளையைத் தத்துக் கேட்டது போலப் பொங்குவார். வடையும் காபியும் வந்தால் அடங்குவார். இப்படித்தான் பிள்ளைகளின் மூன்று வருடம் தீர்மானமாகிறது. கேலி செய்கிறேனே தவிர, அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் கெட்டவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

செயலராக நான் கொண்டுவந்த ஒரே புரட்சி, கூட்ட நடவடிக்கைகளைத் தமிழில் எழுதியது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. முன்பெல்லாம் ஒரே பெயர் அடுத்தடுத்து வந்தால் கீழே 'டிட்டோ' என்று போடுவார்கள். நான் 'மேற்படி' என்று போட்டேன். எவ்வளவு அழகான சொல் என்று நானே ரசித்துக்கொண்டேன்.

பாடத்திட்டத்தை மாற்றிய வருடம் அது. பழைய தாள் ஒன்றை நீக்கினால், அதில் அரியர் வைத்திருக்கும் மாணவர்கள் அதற்குப் பதிலாக எந்தப் புதிய தாளை எழுதலாம் என்றும் குழுவே சொல்ல வேண்டும். அதற்கு இணைத்தாள் என்று பெயர். அட்டவணையில் இடப்பக்கம் பழைய தாள், வலப்பக்கம் இணைத்தாள். வணிகக் கணிதத்துக்கு எதிரே 'அளவறி திறன்' என்று புதிய கணக்குத் தாளின் பெயரை எழுதினேன். அடுத்த வரியில் இருந்த அடிப்படைப் புள்ளியியலுக்கும் அதே இணைத்தாள்தான். 'மேற்படி' என்று எழுதினேன்.

கூட்டம் நடந்தது கருட சேவை நாளில். ஊரே தெருவில் நின்றது. வெளிவல்லுநரின் கார் இரட்டை மண்டபம் பக்கம் சிக்கி, அவர் நடந்தே வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. எல்லாருக்கும் அவசரம். கடைசி நிமிடத்தில் தாவரவியல் துறைத்தலைவர், தோட்டக்கலை என்ற பழைய தாள் விட்டுப்போனதைச் சொன்னார். அதற்கு இணைத்தாள் காளான் வளர்ப்பு. அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் அந்த வரியைக் கிடைத்த இடத்தில் செருகினார். அந்த இடம் வணிகக் கணிதத்துக்குக் கீழே, புள்ளியியலுக்கு மேலே. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டோம். அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

பழைய தாளையே இன்னும் சில தேர்வுகளுக்கு நடத்த விதி இருந்ததால் இரண்டு வருடம் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் துறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வரலாறு படித்த பழைய மாணவி. வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இடுப்பில் குழந்தை. முப்பத்துச் சொச்சம் தாள்களையும் பாஸ் செய்துவிட்டு ஒரே ஒரு புள்ளியியலில் ஐந்து முறை விழுந்தவள். அது வந்தால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் பி.எட். அந்த வருடம் சேராவிட்டால் வீட்டில் இனி அனுப்பமாட்டார்கள் என்று அவளே சொன்னாள்.

"காளான் வளர்ப்புக்கு லைப்ரரில புக்கு இருக்குதா சார்?"

"உனக்கு எதுக்கும்மா அது?"

"அரியர் பேப்பர் சார். நோட்டீஸ் போர்டுல போட்டுக்கீறாங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குப் பதிலா இதான் எழுதணுமாம்."

அலமாரியைத் திறந்து அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். தோட்டக்கலை, காளான் வளர்ப்பு. அதன் கீழே அடிப்படைப் புள்ளியியல், மேற்படி. என் அழகான சொல் தனக்கு மேலே இருப்பதை மிகச் சரியாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையை இடம் மாற்றிக்கொண்டு பேசிக்கொண்டே போனாள். "தாவரவியல் மேடம்கிட்ட வித்து வாங்கிக்கினு போய் ஊட்லயே போட்டுப் பாத்தேன் சார். வைக்கோலு வேக வெச்சி, பையில அடுக்கடுக்கா போட்டு, இருட்டு ரூம்புல தொங்க உட்டேன். இருவது நாள்ல வெள்ளையா மொளச்சிச்சு. எங்க மாமியாகூட வந்து வந்து பாக்கறாங்க. இந்த வாட்டி பாஸாயிடுவேன் சார்."

கடைசி வாக்கியத்தை அவள் என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. புத்தகம் இருக்கிற அலமாரியைக் காட்டி அனுப்பினேனே தவிர, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கோழைத்தனம்தான். இரக்கம் என்று பெயர் வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை.

சொன்னால் அவள் மறுபடி புள்ளியியல் மாதிரியான தாளுக்கே போக வேண்டும். தேர்வுக்கு இருந்தது பத்து நாள். சொல்லாவிட்டால் குழுவையே ஏமாற்றியவன் ஆவேன். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் முதல்வரிடம் அட்டவணையை நீட்டினேன். அவர் படித்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வாரமே சிறப்புக் கூட்டம் போட்டார்.

வெளிவல்லுநர் விதிக்காரர். "பிழைன்னு தெரிஞ்சப்புறம் திருத்தாம இருந்தா, அப்புறம் இந்தக் குழு எதுக்கு? புள்ளியியலுக்குக் காளான் எப்படி இணையாகும்?" என்றார். கேள்வி நியாயமானது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஒரு தமிழாசிரியன் செய்யக்கூடியதைச் செய்தேன். விதியைப் படித்தேன். இணைத்தாள் என்பது 'சமமான மதிப்புப் புள்ளிகள் கொண்ட தாள்' என்று மட்டும்தான் அதில் இருந்தது. அதாவது கிரெடிட் சமமாக இருந்தால் போதும்; பாடம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. "சார், இது வக்கீல் வாதம்" என்றார் வெளிவல்லுநர். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்து வாயைத் திறந்தவர் கணிதத் துறைத்தலைவர். அவருடைய தாள் அது. இப்போது பொங்குவார் என்று எதிர்பார்த்தேன். "வரலாறு பசங்களுக்கு அந்தத் தாள எதுக்கு வெச்சோம்னு எனக்கே ஞாபகம் இல்ல சார். அப்ப எங்க துறையில ஒருத்தருக்கு வேலைநேரம் பத்தலன்னு வெச்சதுன்னு நெனைக்கிறேன்" என்றார் மெதுவாக. ஐந்து முறை ஒருத்தி விழுந்த குழியை நாங்கள் எதற்காக வெட்டினோம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யாரும் வடையைத் தொடவில்லை.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். வழக்கமாக அவர் கூட்டத்துக்கு ஒரு வாக்கியம்தான் பேசுவார். "எங்க கடையில ஒண்ணு உண்டுங்க. புடவைக்கு வெல தப்பா ஒட்டிட்டோம்னு வெச்சிக்குங்க. கஸ்டமர் எடுத்துக்கினு பில்லுக்கு வந்துட்டா அந்த வெலைக்கே குடுத்துடுவோம். அப்புறந்தான் சீட்டை மாத்துவோம். ஒட்டினது நாங்கதானே."

வெளிவல்லுநர் பேனாவை மூடினார், திறந்தார். "அந்தப் பொண்ணுக்குக் காளானாவது ஒழுங்கா வருதா?" என்று தாவரவியல் துறைத்தலைவரைக் கேட்டார்.

"என் மூணாம் வருஷப் பசங்களுக்கு வராதது அவளுக்கு வருது சார்."

வருகிற தேர்வுக்கு மட்டும் அட்டவணை உள்ளபடியே இருக்கட்டும், அதற்கடுத்த தேர்விலிருந்து திருத்தம் என்று தீர்மானம் ஆயிற்று. இந்த முறை அளவறி திறன் என்று முழுதாக எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் பதினோரு பேரும் படித்தார்கள். என் அனுபவத்தில் அது முதல் முறை.

அவள் எழுபத்தெட்டு வாங்கினாள். சான்றிதழ் வாங்க வந்தவள், செய்தித்தாளில் சுற்றிய சிப்பிக் காளானை என் மேசையில் வைத்தாள். பி.எட். விண்ணப்பமும் கையில் இருந்தது. அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. உட்காரச் சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். புள்ளியியலுக்குப் பதில் காளான் வந்தது யாரும் யோசித்துச் செய்தது அல்ல, நான் எழுதிய ஒரு சொல்லால் வந்த பிழை என்றேன். அவள் அழுவாளோ, அவமானமாக நினைப்பாளோ என்று பயந்தேன்.

"அப்ப இனிமே அது கெடயாதா சார்?"

"இல்லம்மா. திருத்திட்டோம்."

அவள் குழந்தையின் கையிலிருந்து என் பேனாவைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். "எங்கூடப் படிச்ச ரெண்டு பேரு அந்த ஒரு பேப்பர்லதான் சார் நிக்கறாங்க. வராதுன்னு இந்த வாட்டி ஃபீஸே கட்டல. நா பாஸானதப் பாத்துட்டு இப்பத்தான் பையில வைக்கோலு அடச்சிக்கினு இருக்காங்க" என்றாள். பிறகு, கடையில் கூட ஒரு பொட்டலம் கேட்பது போல அமைதியாகக் கேட்டாள்.

"அவங்களுக்கும் அதே மாதிரி தப்பாப் போட்டுக் குடுங்க சார்."

அடுத்த கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக அடிப்படைப் புள்ளியியல் என்று எழுதி, எதிரே காளான் வளர்ப்பு என்று முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன். பிழை என்று இந்த முறை நான் சொல்லிக்கொள்ள முடியாது.