பிரேக் பிடிக்கத் தெரியாதவள்

தெருவில் அந்த எழுத்தாளருக்குக் 'கொலைகாரம்மா' என்று பெயர். தொடர் கொலைகாரர்களைப் பற்றி எழுதியே வீடு கட்டியவர். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூடக் கணவரைத்தான் கூப்பிடுவார் என்பது வெளியில் யாருக்கும் தெரியாது.

ஒரு மழை மதியம், உண்மை வழக்கு ஒன்றைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தோடு ஒரு பெண்மணி வந்து நின்றார். அந்த வழக்கில் கொல்லப்பட்ட ஒருத்தியின் அம்மா.

"அந்தக் கொலைகாரன் டீயை எப்படி ஆத்திக் குடிப்பான்னுகூட எழுதியிருக்கீங்க. என் பொண்ணு இதுல வெறும் 'மூன்றாமவள்'தானாம்மா?"

எழுத்தாளர் கதவை அகலத் திறந்தார். பிறகு மெதுவாக, "உள்ள வாங்கக்கா. அவ எப்படி இருப்பா, சொல்லுங்க" என்றார்.

"நல்லா சைக்கிள் ஓட்டுவா. பிரேக் பிடிக்க மட்டும் தெரியாது. நிறுத்தணும்னா 'அம்மா'ன்னு கத்துவா, நான் ஓடிப்போய்ப் பிடிக்கணும்!" அம்மா தன்னை மறந்து சிரித்தார்.

கேட்கக் கேட்க, ஈரக் கூந்தல் பறக்க ஒரு பெண் சைக்கிளில் கூடத்துக்குள் நுழைந்து, நாற்காலிகளைச் சுற்றி, ஜன்னல் வழியே மழைக்குள் மிதந்து போனதை எழுத்தாளர் பார்த்தார். அதன்பின் பல மதியங்கள் அவள் வந்தாள். பாடத் தொடங்கிப் பாதியில் வரி மறந்து நின்றாள்.

அடுத்த புத்தகம் முழுக்க அவள்தான்.

"கொலைகாரன் எப்பம்மா வர்றான்?" என்று பதிப்பாளர் கேட்டார்.

"வரமாட்டான் சார்."

புத்தகம் அவ்வளவாக விற்கவில்லை. அம்மா மட்டும் படித்துவிட்டு ஃபோன் செய்தார்.

"ஒரு தப்பு இருக்கும்மா. அவளுக்கு முட்டைக்கோஸ் பிடிக்கவே பிடிக்காது."

"அப்படியா? வேற என்னக்கா பிடிக்காது?"

இருட்டும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.