கழற்றாத மாலை

ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டும் டில்லிபாபு ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டார். காவடி எடுத்துத் திருத்தணி மலை ஏறி இறங்கியதும் கழற்ற வேண்டிய மாலை. கழற்றவில்லை. கந்தசஷ்டி வரை இருக்கட்டும் என்றார். சஷ்டி முடிந்ததும் தைப்பூசம் என்றார். ஊரார் மெச்சினார்கள். முருகனுக்கே கொஞ்சம் அலுத்திருக்கும்.

காரணம் பக்தி இல்லை. நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு ஆண்குறி விறைப்பது நின்றுபோயிருந்தது. சில முறை தோற்ற பிறகு மனைவி ஷோபனாவின் பக்கம் திரும்பவே பயம். மாலை போட்டவர் தனியாகப் படுத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கட்டின பெண்டாட்டியே ‘சாமி’ என்று கூப்பிட்டுத் தள்ளி நிற்பாள். இதற்கிடையில் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தின்றார். வயிற்றுப்போக்கு வந்ததுதான் மிச்சம்.

விரதக்காரர் செருப்புப் போடக்கூடாது. மார்கழியில் காலில் குத்திய முள் புண்ணாகி, ஆறாமல் சீழ் வைத்தது. ஷோபனாதான் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ரத்தம் பார்த்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. டாக்டர் ஷோபனாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தாம்பத்தியம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பது போலத்தான் கேட்டார். டில்லிபாபு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

விடியற்காலையிலாவது விறைப்பு உண்டா, புகையிலை போடுவீர்களா, நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் டாக்டர் விசாரித்தார். சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுத்தால் இப்படி ஆவதுண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புகையிலையை விட்டு, தினமும் நடக்க வேண்டும். இதயத்தைப் பரிசோதித்த பிறகு இதற்கென்றே மாத்திரையும் தரலாம். முதலில் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள் என்றார்.

சொல்வதுதான் காவடியைவிடக் கனமாக இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஷோபனா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“என்னப் புடிக்காமத்தான் சாமியாரா ஆயிட்டீங்கன்னு நெனச்சிகினு இருந்தேங்க. பூசம் முடிஞ்சதும் எங்க நைனா வூட்டுக்கே போயிடலாம்னு பொட்டியில துணிகூட எடுத்து வெச்சிட்டேன்.”

தன் மானத்தைக் காப்பதாக நினைத்து இவளை அல்லவா வீட்டைவிட்டுத் துரத்தப் பார்த்தோம் என்று டில்லிபாபுவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதார்.

ஷோபனா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“அழுவாதீங்க. உள்ள போயி, அந்த மாத்திர எப்போ குடுப்பாங்கன்னு கேட்டுகினு வாங்க.”