எனக்கு இரண்டு, தங்கைக்கு ஆறு

தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று தங்கை சொன்னபோது, நான் குழந்தையின் கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இல்லை. இல்லாவிட்டாலும் வைப்பேன்.

"எவ்வளவு?" என்றேன்.

"என்னது எவ்வளவு?"

"எவ்வளவு புடிக்கும்?"

அவள் போனில் ஒரு கேள்வித்தாளைத் திறந்து தந்தாள். ஆண்களை மட்டும் பிடிக்கும் பெண்ணுக்குப் பூச்சியம், பெண்களை மட்டும் பிடித்தால் ஆறு; மற்றவர்கள் நடுவில் எங்கோ. அவளுக்கு ஆறு. எனக்கு இரண்டு வந்தது. பதறிப்போய், நல்ல பிள்ளையாக யோசித்து மறுபடி செய்தேன். மூன்று.

"அக்கா, இது ஓ.எல். பரீட்சை இல்ல. மார்க் கூட்டப் பாக்காத."

"கொறைக்கத்தான்டி பாத்தேன்."

பள்ளியில் வலைப்பந்து அணித் தலைவி கூந்தலை முடிவதைப் பார்க்க மழையில் நின்றேனே, அதுவும் கணக்கில் சேருமா? புருஷனிடம் சொல்ல வேண்டுமா? சொல்லவில்லை.

"ஒனக்கும் மாறுமோ? அடுத்த மாசம் அஞ்சு, பொறகு நாலு..."

"காய்ச்சலா இது, எறங்குறதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க உடப்புசல்லாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவள் வேண்டாம் என்றதை அம்மா வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். "நான் பேசுறேன்" என்ற நான் சனிக்கிழமை வரை பேசவில்லை.

ஞாயிறு காலை, அம்மா கடைக்குப் போனதும், லயத்து வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினேன். எங்கள் தேயிலை மலைக் குளிருக்கு வேம்பு வளராது, ராகலையில் வாங்கியது. வேப்பிலை தொங்கினால் வீட்டில் அம்மை. நல்ல காரியத்துக்கு யாரும் படியேற மாட்டார்கள். குழந்தைக்கு என்று சொல்லப் பயம். அம்மை நிஜமாகவே வந்துவிட்டால்? எனக்கென்று சொல்லி, முகத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எளநி குடிங்கம்மா. அம்மை எறங்கி மூணு தண்ணி ஊத்தினதும் வாறோம்."

பையோடு பின்னால் வந்து நின்ற அம்மா, வேன் மறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத்தான் சின்ன வயசுலயே அம்மை போட்டிருச்சேடி?"

மஞ்சள் வழிய உண்மையைச் சொன்னேன். "மூணு தண்ணி ஊத்தினாலும் அவளுக்குக் கல்யாணம் வேணாம்மா. அவளுக்கு ஆம்பளைங்கள புடிக்காது. பொம்பளைங்களத்தான் புடிக்கும்."

அம்மா பையைக் கீழே வைத்தார். தங்கையை வெகுநேரம் பார்த்தார்.

"ஆம்பளைங்கள யாருக்குடி புடிக்குது?" என்றார்.

நான் வேப்பிலையை அவிழ்க்கப் போனேன்.

"அவுக்காதடி. இருக்கட்டும்."

தங்கை மெல்லப் போனை எடுத்தாள். "அம்மா, ஒரு கேள்வித்தாள் இருக்கு..."