பாரம் ஏறினால் பேச்சில்லை

என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. தாம்பரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். வீடு வந்து சேருவதற்குள் தெருவில் பாதிப் பேரிடம் பேசிவிடுவார். அந்த வாய்தான் அவரைக் கீழே தள்ளியது. முதுகில் அரிசி மூட்டையோடு, வேகனில் சாய்த்திருந்த பலகையில் ஏறும்போது யாரோ கூப்பிட, பதில் சொல்லத் திரும்பியிருக்கிறார். பேசினால் அடக்கிவைத்த மூச்சு போய்விடும். மூச்சு போனால் இடுப்பு நிற்காது. பலகையில் இருப்பவனைக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் அவன் பேசக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

அறுபதுகளின் கடைசி அது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தார். இன்னொரு தடவை விழுந்தால் நடக்கவே மாட்டார் என்று கட்டுப் போட்ட வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மேஸ்திரியோ, ஒரு மூட்டையை வேகனுக்குள் போட்டுக் காட்டினால்தான் வேலை என்றார். வேறு ஏதாவது வேலை பார்க்கக் கூடாதா என்று இவரிடம் கெஞ்சினேன்.

"எனக்கு வேற இன்னா தெரியும்?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

பயிற்சிக்கு அவர் கண்டுபிடித்த மூட்டை நான்தான். கொல்லைப்படியில் ஒரு பழைய கதவைச் சாய்த்தார். பிள்ளைகள் விளையாட்டில் உப்புமூட்டை தூக்குவார்களே, அப்படி என்னை முதுகில் ஏற்றிக்கொண்டார். அப்போது நான் ஈர்க்குச்சி. கனம் போதவில்லை என்று அம்மிக் குழவியைப் பையில் போட்டு என் தோளில் மாட்டிவிட்டார். அவர் ஏறும்போது நான் வம்புக்கு இழுக்க வேண்டும்; அவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மறுபடி முதலிலிருந்து.

"ஏங்க, உங்க அக்கா வெக்கிறது ரசமா, கழனித்தண்ணியா?"

"எங்க அக்காவ இன்னாத்துக்கு இழுக்குற?" என்று சீறுவார். கீழே இறங்கி, மறுபடி ஏறுவோம்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, காலங்காத்தாலயே சவாரியா?" என்றாள். சிரித்துவைத்தேன். ஆனால் அவருடைய இடது கால் நடுங்குவது அவர் முதுகில் இருந்த எனக்கல்லவா தெரியும்.

போகப்போகக் கால் உறுதிப்பட்டது. வாயும் அடங்கியது. சாப்பிடும்போதுகூட ஊமையாக உட்கார்ந்திருந்தார். பேசாத அவரைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மேஸ்திரியிடம் மூட்டை தூக்கிக் காட்ட வேண்டிய அன்றைக்கு ஷெட் வேலியோரம் போய் நின்றேன். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி அவர் முதுகில் வைத்தார்கள். பலகை வளைந்தது. அவர் பாதி தூரம் ஏறியதும் மேஸ்திரி குரல் கொடுத்தார்.

"டேய், உன் பொஞ்சாதி வந்துகீது பாரு."

சுற்றியிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சட்டத்தை வேண்டுமென்றே மீறிச் சோதிக்கிறார் மனுஷன். பாவி, உன் நாக்கு அழுக என்று மனதுக்குள் சபித்தேன். இவர் திரும்பவில்லை. இடது முழங்கால் ஒருமுறை உதறியது. முந்தானையைக் கடித்துக்கொண்டு ஏசப்பா, ஏசப்பா என்றேன். அவர் வேகனின் இருட்டுக்குள் போய்விட்டார்.

அப்புறம் சத்தமே இல்லை.

எந்தச் சட்டமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. "ஏங்க" என்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். உள்ளே தொப்பென்று ஏதோ விழுந்தது. மூட்டையா, அவரா என்று தெரியவில்லை.

"இன்னாடி?" என்றது உள்ளிருந்து அவர் குரல்.

வேலை கிடைத்தது. அவர் மூட்டை தூக்கிய காலம் முழுக்க, சாயங்காலம் தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் நான் வாசலில் நின்று கூப்பிடுவேன். "இன்னா?" என்பார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன்.