லினோவுக்கு அடியில் பழைய பேப்பர்

கார்பெட் போடும் தொழிலில், கார்பெட் தேய்வதற்கு முன்னமே போடுகிறவனின் முழங்கால் தேய்ந்துவிடும். நாள் முழுக்க மண்டியிட்டு உழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழும்பும்போது வாயில் வருகிற சத்தம் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான். எண்பதுகளின் கடைசியில் லண்டனில் நான் அப்படித்தான் பிழைத்தேன். கூட வேலை செய்தவர் சிவம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் கிளாக்காக இருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர்.

நாங்கள் போகும் வீடுகள் பெரும்பாலும் முப்பதுகளில் கட்டியவை. தரையோடு கிடக்கும் பழைய லினோ விரிப்பைக் கிளப்பினால், குளிருக்கும் தூசிக்கும் காப்பாக அந்தக் காலத்துப் பேப்பரை விரித்து வைத்திருப்பார்கள். ஊரெல்லாம் வேலையில்லாமல் திண்டாடிய காலத்துப் பேப்பர். மற்றக் கார்பெட்காரர்கள் அதற்கு மேலேயே விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிவம் அண்ணைக்கு அது ஏலாது. எழுத்துள்ள தாளில் கால் படக் கூடாது, அது சரஸ்வதி. சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தாளாக எடுப்பார். தவறிக் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கையில் எடுத்த பிறகு வாசிக்காமல் விடுவாரா? வாசித்த செய்திக்கு அடுத்த நாள் பேப்பர் அங்கே இராது. ஆகவே பிறகு என்ன நடந்திருக்கும் என்பதை அவரே சொல்லி முடிப்பார்.

இதில்தான் சிக்கல். அவர் மனைவி பூமணி அக்காவும் மகளும் நாலு வருஷமாகக் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு, இவருக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளியின் கடிதம் வேண்டும். முதலாளி கோபால் மலேசியாக்காரர், படிக்க வந்து பிறகு கடை போட்டவர். “ஒரு நாளைக்கு ரெண்டு ரூம் முடிங்க, அப்புறம் லெட்டர்” என்று சொல்லியிருந்தார். நாங்கள் முடித்தது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை.

மேயர் நடக்கிறார்

நோர்பரியில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் முன்னறை. சிவம் அண்ணை கையில் எடுத்த முதல் தாளில், சிக்கனத்துக்காக மேயர் காரை விட்டுவிட்டு நடக்கிறார் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.  அரை மணித்தியாலம் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“இவர் நடந்தா டிரைவருக்கு வேலை போச்சு. டிரைவற்றை மனுசி பாலை நிப்பாட்டுவா. பால்காரன் குதிரையை விப்பான். குதிரைச் சாணி இல்லாட்டி ரோட்டுக் கூட்டுறவனுக்கு என்ன வேலை? எல்லாரும் மேயரிட்டை முறைப்பாட்டுக்கு நடப்பினம். கடைசியிலை ஊரிலை சப்பாத்துத் தைக்கிறவன் ஒருத்தன்தான் தப்புவான்” என்றார். எங்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “என் அப்பா சப்பாத்துத் தைக்கிறவர்தான். அந்த வருஷம் எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் ஒழுங்காக இறைச்சி சமைத்தோம்.”

சாமியறையில் எந்தச் செய்தி?

மிச்சம் என்ற ஊரில் நம்மவர் ஒருவர் வீடு வாங்கியிருந்தார். அடுத்த நாள் பால் காய்ச்சுவது. சாமி அலுமாரி வைக்கப்போகும் மூலையில் யாரும் மிதிக்கப் போவதில்லை என்பதால், அந்த இடத்துப் பேப்பரை மட்டும் சிவம் அண்ணை விட்டுவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். அதற்குள் வீட்டுக்கார அக்கா குனிந்து வாசித்துவிட்டார். ஆலை மூடியது, ஆயிரம் பேர் தெருவில் என்றிருந்தது. “சாமிக்குக் கீழை இதை வைச்சா இவருக்கு வேலை என்னாகும்? மாத்துங்கோ அண்ணை” என்று கையைப் பிசைந்தார்.

நல்ல செய்தி தேடி அடுக்கைப் பிரித்தோம். அந்தக் காலத்தில் நல்ல செய்திக்குப் பெரிய பஞ்சம் போலிருக்கிறது. வெள்ளரிக்காய்ப் போட்டியில் முதற் பரிசு என்று ஒன்று கிடைத்தது, ஆனால் அதே பக்கத்தில் தீ விபத்து. ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் என்று இன்னொன்று கிடைத்தது. “ஐயோ, எனக்கு இருக்கிற ரெண்டு பிள்ளையளே போதும்” என்று அக்கா அதையும் தள்ளிவிட்டார். பின்னேரமாகிவிட்டது. வீட்டுக்கார அண்ணை பொறுமை இழந்து உள்ளே வந்தார்: “விளையாட்டுப் பக்கத்தைப் போடுங்கோ அண்ணை. தோத்தாலும் அடுத்த கிழமை வெல்லுவாங்கள்.”

மாப்பிள்ளைக்கு வேலை போனது

வடக்கே கிங்ஸ்பரியில் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவரின் வீடு. வாசற்கதவுத் திறப்பைத் தந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார். படுக்கையறைத் தாளொன்றில், கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்க மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது, மணப்பெண்ணின் முடிவு நாளை தெரியும் என்று போட்டிருந்தது. சிவம் அண்ணை வழக்கம்போலக் கதை கட்டவில்லை. தாளைப் பிடித்தபடி குந்தியிருந்தார். நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்குள், அடுத்த நாள் பேப்பரைத் தேடிச் சமையல்கட்டுக்குள் போய், குசினி லினோவைக் கிழித்துவிட்டார். குசினிக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கடிதம் போச்சு, குடும்பம் வருவது போச்சு என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

ஆசிரியை வந்து பார்த்துவிட்டு முதலாளிக்கு டெலிபோன் எடுத்தார். கோபால் காரில் பறந்து வந்தார். “என்னா வேல பாத்து வச்சிருக்கீங்க!” என்று கத்தினார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர், “சரி, அந்தப் பொண்ணு என்னா சொன்னுச்சு?” என்று கேட்டுக்கொண்டு கோட்டோடு மண்டியிட்டார். ஆசிரியையும் குனிந்தார். நாலு பேருமாகத் தேடினோம். குசினிப் பேப்பர் எல்லாம் அந்தச் செய்திக்கு இரண்டு வருஷம் முந்தியவை. அப்போது அந்தப் பெண் மாப்பிள்ளையைக் கண்டிருக்கவே மாட்டாள்.

“அவள் மறுத்திருக்க மாட்டாள்” என்றார் சிவம் அண்ணை. “அவனுக்கு ஒரு வேலை கிடைக்குமட்டும் பொறுத்திருப்பாள்.” ஆசிரியை கிழிந்த லினோவைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்: “எவ்வளவு காலம் பொறுக்க ஏலும் எண்டு ஆராவது அவளிட்டைக் கேட்டவையோ?”

கடிதம்

 கடை வேனில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது, சிவம் அண்ணைக்குத் தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன். அடுத்த நாள் காலை அவர் நேரே முதலாளியிடம் போனார். “குசினியை நான் சும்மா செய்து குடுக்கிறன். வேலையை விட்டு நிப்பாட்டிறதெண்டா இப்பவே சொல்லுங்கோ, வேறை இடம் பாக்கவேணும். நாலு வருஷமாப் போச்சு” என்றார். கெஞ்சும் குரலில்லை. அப்படி அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

கோபால் மேசை லாச்சியைத் திறந்து, டைப் அடித்துக் கையெழுத்தும் போட்ட கடிதத்தை எடுத்து வைத்தார். ராத்திரி மனைவியிடம் அந்தக் கல்யாணக் கதையைச் சொன்னாராம். மனைவி சோறு போடாமல் இதைத்தான் முதலில் அடிக்கச் சொன்னாராம். சிவம் அண்ணை வாசித்துவிட்டு, கண் கலங்க, “நிரந்தர வேலை எண்டு போட்டிருக்கிறியள்” என்றார். முதலாளி சிரிக்காமல் பதில் சொன்னார்: “உங்க வேகத்துக்கு, இப்ப கையில இருக்குற ஆர்டர முடிக்கவே பத்து வருஷம் ஆகும், நிரந்தரம்னு போட்டதுல ஒரு பொய்யும் இல்ல.”

பூமணி அக்காவும் மகளும் வந்து இறங்கிய நாளிலிருந்து, ஐந்து மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும் என்று சிவம் அண்ணை ஒரு நாளைக்கு மூன்று அறை முடிக்கத் தொடங்கிவிட்டார் என்பதை மட்டும், பத்து வருஷக் கணக்குப் பொய்யாகிக் கடிதத்தை யாராவது திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், நான் முதலாளியிடம் சொல்லவேயில்லை.