ஸ்பிரிட் குழாயும் தண்ணீர்க் குழாயும்

அன்று துறைத்தலைவரின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அந்தப் பக்கம் துறைத்தலைவர். சன்னலோரம் என் தங்கையின் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியை. கதவருகில் ஆய்வக அட்டெண்டர். மேசைக்கு இந்தப் பக்கம் தங்கை, அவளை ஒட்டி நான்.

தங்கை எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி ஆண்டு. நான் எட்டாம் வகுப்போடு நின்று, எங்கள் ஊரான கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, கேரளப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். அப்பா அம்மா இல்லாததால் அவளுக்குக் கையெழுத்துப் போடுவது நான்தான். வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவரச் சொன்னால் போக வேண்டியதும் நான்தான்.

அவள் படித்தது கூழ்மங்களைப் பற்றி. வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தண்ணீருக்குள் உண்டாக்குவது அவளுடைய ஆய்வு. பார்க்கப் பால் விடாத கட்டன் சாயா போல இருக்கும்.

"வெள்ளி கரையலக்கா, மெதக்குது. துகளு ஒன்னையொன்னு தள்ளிக்கிட்டே இருக்கும். ஒட்டிக்கிருச்சுன்னா கனத்துப்போய் அடியில ஒக்காந்துரும்" என்று ஒருமுறை சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு அதுவும் ஒரு கவலை. விடுதிக்குப் போன் போட்டால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன், "அடியில ஒக்காந்துருச்சாடி?" என்று கேட்பேன்.

"நீ இப்பிடிக் கேட்டுக்கிட்டே இருந்தா அது பயத்துலயே ஒக்காந்துரும். போனை வை."

அப்படிப் பேசுகிறவள் முந்தின நாள், "அக்கா, மிஷினு போச்சு. ஒன்னையக் கூட்டியாரச் சொல்றாக" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள்.

என்ன நடந்தது என்பதை அறைக்கு வெளியே நிற்கும்போதுதான் சொன்னாள். குழாய்களில் ஊற்றிய திரவத்தை அசுர வேகத்தில் சுற்றித் துகளைப் பிரிக்கும் இயந்திரம் அது. சென்ட்ரிஃப்யூஜ் என்பார்கள். எதிரெதிரே வைக்கும் குழாய்கள் ஒரே எடையில் இருக்க வேண்டும். இவள் ஒரு குழாயில் ஸ்பிரிட்டில் கழுவிய துகளையும், எதிர்க் குழாயில் வெறும் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறாள். உயரம் சமமாக இருந்திருக்கிறது. ஆனால் தண்ணீரைவிட ஸ்பிரிட் லேசு. தராசில் வைத்துப் பார்க்கவில்லை. இயந்திரம் மேசைமேல் குதித்து, உள்ளே தண்டு வளைந்து நின்றுவிட்டது.

"ஜீப்புல ஒரே பக்கம் ஆள ஏத்திக்கிட்டு வளைவுல திரும்புனா எப்பிடி? அந்த மாதிரிக்கா."

"நீ எங்கன நின்ன?"

"பக்கத்துலதான்."

அவள் கை, முகமெல்லாம் தடவிப் பார்த்தேன். அதன்பிறகுதான் உள்ளே போனேன்.

"நீங்க அம்மாவா?" என்றார் துறைத்தலைவர்.

"அக்கா சார்."

"இந்தப் பொண்ண இனிமே லேபுக்குள்ள விடலாமா வேணாமா, அதான் இப்பப் பேச்சு."

லேபுக்குள் விடாவிட்டால் ஆய்வு நிற்கும். ஆய்வு நின்றால் பட்டம் இல்லை. அடுத்த வாரமே ஜீப்பில் என் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருவாள்.

அப்போது அட்டெண்டர் வாயைத் திறந்தார். "சார், அது பழைய மிஷினு. போன மாசமே ஒரு மாதிரி சத்தம் குடுத்துச்சு. புள்ளையக் குத்தம் சொல்ல முடியாது."

அவர் காலில் விழலாம் போலிருந்தது. தங்கை விடவில்லை.

"இல்ல சார். மிஷினு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் எடை போடாம, கண்ணால பாத்து ஊத்திட்டேன்."

அவள் இடுப்பில் கிள்ளினேன். அவள் ஓரடி தள்ளி நின்று, இன்னும் சத்தமாக, "மேடம் சொல்லிக் குடுத்துருக்காக. நான் செய்யல" என்றாள்.

துறைத்தலைவர் பேராசிரியையைப் பார்த்தார். "இனிமே எடை போட்டு எங்கிட்டக் காட்டிட்டுத்தான் ஓட்டணும். தாவரவியல்ல ஒரு மிஷின் இருக்கு, நான் கேட்டு வாங்கித் தர்றேன்" என்றார் அந்த அம்மா.

"சரி. ஆனா ரிப்பேர் செலவுல பாதி நீங்க கட்டணும். கட்டி முடிக்கிற வரைக்கும் சர்ட்டிபிகேட் ஆபீஸ்லதான் இருக்கும்" என்றார் துறைத்தலைவர் என்னிடம்.

"கட்டிர்றேன் சார்" என்றேன். எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பங்கு பதினெட்டாயிரம் என்று பிறகு ஆபீசில் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினேன். "ஏடி, அந்த மனுசன் வழி விட்டாருல்ல, பேசாம போக வேண்டியதுதான?"

"கம்பெனிக்காரன் வந்து கழட்டிப் பாத்தா தெரிஞ்சிரும்க்கா. அப்ப எனக்கும் சேத்து அந்த அண்ணனுக்கும் வேட்டு."

அதன்பின் அவள் இயந்திரம் ஓட்டும் நாளெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது. தோட்டத்தில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். "முடிஞ்சிருச்சு" என்று அவள் சொல்லும்வரை அங்கேயே நிற்பேன். கங்காணி திட்டுவார். கூட வேலை பார்ப்பவர்கள், "என்னத்தா, ஒந்தங்கச்சி ராக்கெட்டா விடுறா?" என்று சிரிப்பார்கள்.

ஆய்வை முடித்தாள். வாய்மொழித் தேர்விலும் தேறினாள். இப்போது மதுரையில் ஓர் ஆய்வகத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் அசல் சான்றிதழைக் காட்ட வேண்டுமாம். அது கல்லூரி அலமாரியில் கிடக்கிறது. கரையான் அரிக்குமோ, மழைத்தண்ணீர் இறங்குமோ என்று எனக்குத் தூக்கமில்லை. கூலியில் பிடித்துப் பிடித்துக் கட்டிவருகிறேன். இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.