பொட்டி எங்க வெச்சிருக்கீங்க?

போன ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி உள்ளே போகிற பாதையில் எங்கள் ஊர். அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. நானும் என் மகனும் மட்டும். மனைவி இறந்து வெகு நாளாகிறது. சமையல் நான்தான்.

மகன் பெங்களூரில் பெயிண்டு வேலை செய்தான். சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாயிற்று. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

வேலை கொடுத்தவர்கள் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். அதில் அவன் தனக்கென்று கேட்டது ஒரு பழைய கம்ப்யூட்டர். படுத்துக் கிடப்பவனுக்கு இது எதற்கு என்று நினைத்தேன். கேட்கவில்லை. வந்தது. கட்டிலோரம் வைத்துக் கொடுத்தேன். அதில் அவன் ஆடியது துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு. எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரு கூட்டாகச் சேர்ந்து, பேசிக்கொண்டே ஆடுவார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. இவனை அவர்கள் 'மலை' என்று கூப்பிடுவார்கள்.

விழுந்த பிறகு அவன் பேச்சு சுருங்கிவிட்டது. தண்ணீர் கொடு, திருப்பிப் படுக்க வை, அவ்வளவுதான். விளையாடும்போது மட்டும் பழைய குரல் வரும். கத்துவான், திட்டுவான், சிரிப்பான். நான் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். விழுந்ததை அவன் அவர்களிடம் சொல்லவில்லை. முடிக்கும்போது, "சரிடா, காலைல காட்டுக்குப் போவணும், வெச்சிர்றேன்" என்பான். எங்கள் பக்கம் காடு என்றால் பயிர் வைக்கிற நிலம். அவன் அதைச் சொல்லும்போது நான் அடுப்பைப் பார்த்துக்கொள்வேன். அவன் சுவரைப் பார்த்துக்கொள்வான்.

மழைக்காலம் வந்தது. மலையில் மழை என்றால் சுவரெல்லாம் ஓதம். அவன் கால் சில்லிட்டுப் போகும். அவனுக்குத் தெரியாது. தொட்டால் எனக்குத் தெரியும். அதனால் கட்டிலை முன்ரூமிலிருந்து அடுப்பங்கரைக்கு மாற்றினேன். கம்ப்யூட்டரும் கூடவே வந்தது. அதன் பெட்டியை அடுப்போரம் வைத்தேன். ஈரம் ஏறாமல் இருக்க மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். எங்கள் வீடுகளில் விதைத் தினையும் சாமையும் அடுப்புக்கு மேலே பரணில்தான் இருக்கும். புகை பட்டால் வண்டு அண்டாது, பூஞ்சை பிடிக்காது. கெடக் கூடாத பொருளை அடுப்போரம் வைப்பது எங்கள் வழக்கம்.

சில வாரங்களில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. போட்டால் எரியும். விளையாட்டைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பொசுக்கென்று அணைந்துவிடும். திரும்பப் போட்டால் திரும்ப அணையும். அவன் இரண்டு மூன்று நாள் போராடினான். அப்புறம் காதில் மாட்டுவதைக் கழற்றிச் சுவரில் தொங்கவிட்டான்.

"வுடுப்பா. அது அவ்ளோதான்" என்றான்.

அதன் பிறகு குரல் இல்லை. சோறும் பாதி தட்டிலேயே நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரு முறை இப்படித்தான் சாப்பிடாமல் இருந்தான். அப்போது என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதை இங்கே எழுத மாட்டேன்.

பெட்டியைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். டாக்டரிடம் போகிறவனைக் குளிப்பாட்டுவது போல் ஈரத்துணியால் வெளிப்பக்கம் எல்லாம் பளிச்சென்று துடைத்தேன். சாக்கில் கட்டினேன். பக்கத்து வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, பலாப்பழமா? இந்த மாசத்துல ஏது?"

"கம்ப்யூட்டரு."

"மலைலேந்து பலா எறங்கும், கடுக்கா எறங்கும். இது எறங்கி இப்பத்தான் பாக்கறேன்" என்றார். பஸ்ஸில் சிரித்தார்கள். கச்சிராயபாளையம் வரை வளைவுகளில் மடியிலேயே வைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. நல்ல கூட்டம். கடைக்காரர் சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லை. என்ன பிராசசர், எத்தனையாவது ஜெனரேஷன், ரேம் எவ்வளவு என்றார்.

"சரி, இன்னா கேமு ஆடுறாரு?"

"சுடுவாங்க" என்றேன்.

"எல்லாத்துலயும் சுடத்தான் செய்வாங்க பெரியவரே. தனியா கார்டு எதாவது கீதா?"

அது தெரியும். எங்கே போனாலும் கேட்கிற ஒன்றுதான். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன். கடையே சிரித்தது. பின்னால் நின்றவர், "அதுல அரிசிதான் வரும், கேம் வராது" என்றார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

பெட்டிக்குள் இருக்கிற ஒரு கார்டைத்தான் அவர் கேட்டிருக்கிறார். பிறகு மின்சாரத்தில் செருகிப் பார்த்தார். நன்றாக எரிந்தது. அணையவே இல்லை. "நல்லாத்தானே ஓடுது? பழசு இல்லையா, கேமுக்குத் தாங்காது. உள்ள எல்லாத்தையும் மாத்தணும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். திறந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. திறந்து பாருங்கள் என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை. புதுசு வாங்க என்னால் ஆகாது. திரும்பச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன்.

அவன் கட்டிலிலிருந்து என் முகத்தைப் பார்த்தான். சாக்கைப் பார்த்தான். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் மதியம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே போன், கம்ப்யூட்டருக்கு நெட்டும் அதிலிருந்துதான். சிக்னலுக்காக வாசலில் வைத்திருந்தேன். அதில் யாரோ குரலில் பேசி அனுப்பியது வந்தது. அமுக்கிக் கேட்டேன்.

"டேய் மலை, எங்கடா பூட்ட? ஆளையே காணோம். சிறுத்தை கிறுத்த இஸ்துக்கினு போச்சா?"

அந்தக் கூட்டுதான். குரலில் பேசி அனுப்ப எனக்குத் தெரியும். ஆத்தூரில் இருக்கும் என் தங்கை அப்படித்தான் பேசுவாள். பிறகு அமுக்கிச் சொன்னேன்.

"நான் அவங்க அப்பா பேசறேன். கம்ப்யூட்டரு வெளையாட்டு போட்டா அணைஞ்சி போவுது. சும்மா இருந்தா எரியுது. கள்ளக்குறிச்சில எல்லாம் மாத்தணும்னாங்க. எனக்குப் படிப்பு கம்மி. எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க."

உடனே மடமடவென்று பதில் வந்தது. ஒருவர், பவர் சப்ளை போயிருக்கும் என்றார். ஒருவர், ரேம் ஏற்று என்றார். இன்னொருவர், கார்டுக்குச் சொந்தமாக மெமரி வேண்டும், அது இல்லாமல் இந்த விளையாட்டு ஓடாது என்றார். அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது ஒரு பெண் குரல் வந்தது. பின்னால் குழந்தை அழுகிற சத்தம். ஊர் தியாகதுருகம் பக்கம் என்று பிறகு தெரிந்தது. பெண்பிள்ளையும் இதில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா? ஒன்னும் பாக்காமலே கட வெச்சிட்டானுங்க. அப்பா, நீங்க சொல்லுங்க. பொட்டி எங்க வெச்சிருக்கீங்க?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். "அடுப்பங்கரைல, அடுப்போரம்" என்றேன்.

"வெறவு அடுப்பா?"

"ஆமாம்மா. மழைக்கு மேல சாக்கு போட்டு மூடியிருக்கேன்."

"ஐயோ. ஏம்ப்பா அங்க? வேற ரூமு இல்லியா? மலையாண்ட சொல்லித் தூக்கி வெக்கச் சொல்லக் கூடாதா?"

போனைக் கீழே வைத்தேன். முன்ரூம் காலியாகத்தான் இருந்தது. ஏன் அங்கே வைக்கவில்லை என்றால், கட்டில் இங்கே இருக்கிறது. கட்டில் ஏன் இங்கே என்றால், கால் சில்லிடுகிறது. ஏன் அவனே தூக்கி வைக்கவில்லை என்றால், அவனால் முடியாது. ஏதாவது பொய் சொல்லலாம். எனக்கு வரவில்லை. இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற பெண்ணிடம் பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால், அந்தப் பெண்ணும் பாதிப் பதில்தான் சொல்லும். உள்ளே எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். அமுக்கி, உள்ளதைச் சொன்னேன். விழுந்தது, கால், கட்டில், எல்லாம்.

கூட்டில் சத்தம் நின்றுவிட்டது. மழை பெய்கிற சத்தம் மட்டும்தான். பையனிடம் கடைசியாக இருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டோமா என்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்தப் பெண்தான் பேசியது. வருத்தம் எதுவும் சொல்லவில்லை.

"அப்பா, ஒன்னும் வாங்காதீங்க. பிளக்க புடுங்கிட்டு, பக்கத்து மூடிய கழட்டுங்க. உள்ள ஒரு காத்தாடி இருக்கும். அதுக்கடியில தகடு தகடா இருக்கும். அது பூரா கரி அடைஞ்சிருக்கும் பாருங்க. காத்தாடிய வெரலால புடிச்சிக்கினு, காஞ்ச பிரஷ்ஷால மெதுவா தட்டி எடுங்க. தண்ணி படக் கூடாது. அப்பறம் அடுப்பு இல்லாத எடத்துல, மூடாம வெய்யிங்க. சும்மா இருக்கும்போது அதுக்கு வேல இல்ல. கேம் போட்டா ஓடணும், சூடாவும், மூச்சு வாங்கும். நீங்க மூக்கையும் பொத்தி வெச்சிருக்கீங்க. அவ்ளோதான்."

இவ்வளவுதான். எனக்குப் புரிந்தது.

அவன் எழுந்ததும் போனை அவன் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டான். என் குரல் வரும் இடத்தில் நிறுத்தினான். முகம் கறுத்தது.

"யாரக் கேட்டு சொன்ன?"

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"இனிமே எவன் என்னோட சேந்து ஆடுவான்? பாவம் பாத்து ஆடுவானுங்க. அதுக்கு இது ஒடஞ்சே கெடந்திருக்கலாம்."

வீட்டில் காய்ந்த பிரஷ் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அவன் பெங்களூர்ப் பை ஆணியில் தொங்கியது. விழுந்த பிறகு அதைத் திறக்கவில்லை. உள்ளே அவன் வேலை செய்த பிரஷ்கள் துணியில் சுற்றியபடி இருந்தன. ஒன்றை எடுத்தேன். திருப்புளியால் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். அந்தப் பெண் சொன்னது சரி. தகடுகளுக்கு நடுவில் கரி, பரண் மேல் ஒட்டடை போல அடையடையாக இருந்தது. நான் பிரஷ்ஷை உள்ளே விட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பிடியாப்பா பிரஷ் புடிப்பாங்க? இங்க குடு" என்றான்.

தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். பெட்டியை அவன் மடியில் வைத்தேன். அவன் தட்டினான். நுனியால், ஒரு தகடு விடாமல், கதவு இடுக்கில் பெயிண்டு அடிக்கிறவன் மாதிரி. நான் முன்ரூமைக் கூட்டினேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டுபோனேன். கதவிடுக்கில் காற்று வராமல் பெட்டி மேல் கிடந்த அந்தச் சாக்கையே அடித்தேன். அவன் காலுக்கு இரண்டு கம்பளி.

சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டான். விளையாட்டைத் தொடங்கினான். அணையவில்லை. ஆனால் காதில் மாட்டுவதை எடுக்கவில்லை. சுவரில் தொங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் எடுத்து மடியில் போட்டுவிட்டு, அடுப்பு வேலை இருப்பது போல் உள்ளே போய்விட்டேன்.

சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பான் போல. கதவோரம் நின்ற எனக்குக் கேட்டது.

"வந்துட்டாரு பாரு தொர. ஏன்டா, தெனம் காலைல காட்டுக்குப் போவணும்னு கத வுட்டுக்கினு, தோக்கற ஆட்டத்துல எல்லாம் பாதிலயே ஓடுனியேடா. இனிமே எங்கடா ஓடுவ?"

இவன் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்தப் பெண் குரல்: "கையி கீதுல்ல? அப்பறம் இன்னா? எனக்குப் பின்னாடி ஒருத்தன் வர்றான், சுடுடா மலை!"

இவன் சுட்டான். தப்பியது போலிருக்கிறது. கூட்டில் எல்லோரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். முன்னால் எப்படித் திட்டியிருப்பார்களோ அப்படியே. ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

"போடா எரும" என்றான் என் மகன். பழைய குரல்.

நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். புகை கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவன் முன்ரூமில்தான் இருக்கிறான். வாசல் தெரிகிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பேசுகிறார்கள். முடிக்கும்போது, "கை வலிக்குதுடா, வெச்சிர்றேன்" என்கிறான். அது உண்மை. அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. பெயர்கூடத் தெரியாது. எப்போதாவது போனில், "அப்பா, பொட்டி நல்லா கீதா?" என்று கேட்கும். நல்லா இருக்கும்மா என்பேன்.

பரணில் புகை பட்டு இருந்த தினையைத் தை பிறந்ததும் இறக்கி வெயிலில் காட்டியபோது, பொட்டி எங்க வெச்சிருக்கீங்க என்ற அந்தக் கேள்வி எனக்கு நினைவு வந்தது. கெடக் கூடாது என்று நான் அடுப்போரம் மூடி வைத்தது பெட்டியை மட்டும் இல்லை.